மின்கிற்றார் உடல் குடைய ஒரு சிறிய றவுட்டர்: எட்டு மாதப் பாவனைக்குப் பின் என் மதிப்பீடு

மின்கிற்றார் ஒன்றின் உடலை வீட்டு விறாந்தையில் வைத்து மரத்திலிருந்தே செய்து முடிக்க எண்ணுகிறவர், வாங்க வேண்டிய கருவிகளுள் அதிகம் யோசிப்பது, சுழலும் வெட்டுமுனையால் மரத்தைக் குடையும் மின்கருவியான றவுட்டரைப் பற்றித்தான். வாள், உளி, சீவுளி, துளைக்கும் இயந்திரம் ஆகியவற்றை அயலில் உள்ள தச்சரிடம் இரவல் கேட்கலாம். ஆனால் கழுத்து வந்து பொருந்தும் குழியையும் தந்தியின் அதிர்வை உணரும் பிக்கப்புகள் அமரும் குழிகளையும் ஒரே ஆழத்தில், செங்குத்தான சுவர்களோடு வெட்டித் தரும் கருவியை ஒருவரும் இலகுவில் இரவல் தரமாட்டார்கள். நான் எட்டு மாதங்களாகப் பயன்படுத்திவருவது, தளபாடம் செய்வோர் ஃபோமிக்கா ஓரம் வெட்டவும் பலகை விளிம்பை உருட்டவும் கையாளும் சிறிய வகை றவுட்டர். ஒரு கையால் பிடிக்கலாம். கடையில் ட்ரிம்மர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இதைக் கொண்டு டெலிகாஸ்டர் என்ற மின்கிற்றாரின் வடிவத்தில் ஒரு முழு உடலைச் செய்து, கழுத்துப் பூட்டி, தந்தி ஏற்றி, இன்று வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையில் இந்த இயந்திரம் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதை, இதையே வாங்க எண்ணும் ஒருவருக்குப் பயன்படும்படி எழுதுகிறேன்.

இயந்திரத்தின் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. ஒரே அலுமினிய உடலும் ஒரே கறுப்பு மூடியும் கொண்ட இந்த வகை, நிறத்தையும் ஒட்டுச்சீட்டையும் மாற்றிப் பல பெயர்களில் விற்கப்படுகிறது. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கத்து இரும்புக்கடை ஒன்றில் நான் 15,000 ரூபாவுக்குள் வாங்கினேன். பெயர்பெற்ற ஜப்பானியக் கம்பனிகளின் ட்ரிம்மருக்கு இதைப்போல் சில மடங்கு கொடுக்கவேண்டும். பெட்டியில் 800 வாற்று என்றும், சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றும் அச்சிட்டிருக்கிறது. வேகத்தைக் குறைக்கும் வசதி இதில் இல்லை. வெட்டுமுனையின் காம்பைக் கவ்விப் பிடிக்கும் கொலட் இரண்டு அளவுகளில் வருகிறது: 6.35 மில்லிமீற்றரில் ஒன்று, 6 மில்லிமீற்றரில் ஒன்று. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிவதால் வாங்கிய அன்றைக்கே ஒன்றில் வர்ணத்தால் அடையாளம் இட்டு வைப்பது அவசியம். 6 மில்லிமீற்றர் காம்பை 6.35 கொலட்டில் போட்டு எவ்வளவு இறுக்கினாலும், ஓடத் தொடங்கியதும் அது வழுகி இறங்கிவிடும். செருகி, ஐரோப்பிய இருமுனை வகை. எங்கள் சுவர்ச் செருகித்துளையில் நேரே பொருந்தாது. அடப்டர் போட்டுச் சமாளிப்பதைவிடச் செருகியையே மாற்றிவிடுவது நல்லது. மரத்தூளும் அதிர்வும் உள்ள இடத்தில் தளர்ந்த இணைப்பு ஆபத்தானது.

டெலிகாஸ்டர் வடிவத்தைத் தெரிவுசெய்ததே இந்தச் சிறிய இயந்திரத்தை எண்ணித்தான். லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை 1950 இல் வெளியிட்டு, 1951 இல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாற்றிய அந்தக் கிற்றாரின் உடல், வளைவு நெளிவு இல்லாத தட்டைப் பலகை. 1954 இல் வந்த ஸ்ட்ராற்றோகாஸ்டரில் உள்ளதுபோல் நெஞ்சுக்கும் முழங்கைக்கும் சரித்துச் செதுக்கிய பகுதிகள் இதில் இல்லை. கழுத்தும் ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் பூட்டப்படுகிறது. அதாவது உருவின் அச்சாக வெட்டிய மாதிரிப்பலகை ஒன்றை வைத்து றவுட்டரால் விரைவாக வெட்டுவதற்கென்றே அமைந்த வடிவம் இது. உடலின் தடிப்பு 1¾ அங்குலம், அதாவது 44.5 மில்லிமீற்றர் அளவு. மரத்தை 20 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் கொண்ட பலகையாக ஒட்டிக்கொண்டால் முழு உருவும் அதற்குள் அடங்கும்.

மரம் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் றவுட்டரின் குணத்தை அறிவது மரத்தின் மீதுதான். அமெரிக்காவில் ஆஷ், ஆல்டர் என்ற மரங்களில் செய்கிறார்கள். அவை இங்கே கிடையா. முதிரையும் பாலையும் எங்கள் மரக்காலைகளில் கிடைக்கும் உறுதியான மரங்களே எனினும், முதிரையில் ஓர் உடல் செய்தால் அது நான்கரைக் கிலோவைத் தாண்டும். அதைத் தோளில் மாட்டி ஒரு மணிநேரம் நிற்க முடியாது. தேக்கில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் ஒட்டு வேலையில் கூடுதல் கவனம் தேவை. நான் பலாவை எடுத்தேன். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் தவிலும் பலாவில்தான் செய்யப்படுகின்றன. தவிலுக்குப் பெயர்போன இணுவிலுக்கு அண்மையில் இருந்துகொண்டு வாத்தியத்துக்கு வேறு மரம் தேட எனக்கு மனம் வரவில்லை. மின்கிற்றாரில் ஒலி எழுவது தந்தியின் அதிர்வைப் பிக்கப் உணர்வதால் என்பதையும், வீணையின் குடத்தைப்போல் இந்த உடல் ஒலியைப் பெருக்குவதில்லை என்பதையும் அறிவேன். ஆயினும் அளவான எடையும், நன்றாக வெட்டுப்படும் இழையும், காய்ந்தபின் கோணாத இயல்பும் பலாவில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

பச்சை மரம் வாங்குவதில் இரண்டு சிக்கல்கள் உள. இலங்கையின் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. தறித்த மரம் கிடைத்தாலும், ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் காயவிட வேண்டும். ஆகவே இடித்த பழைய வீடு ஒன்றின் கதவுநிலையைத் தேடி வாங்கினேன். நான்கு அங்குல அகலமும் மூன்று அங்குலத் தடிப்பும் உள்ள ஏழு அடி நிலைக்கால் ஒன்றை நான்காகத் துண்டித்தால் 20 அங்குலத் துண்டுகள் நான்கு வரும். அவற்றை அருகருகே வைத்து ஒட்டினால் 16 அங்குல அகலம், ஓரம் சீவியபின் தேவையான 14 அங்குலம் தாராளமாகத் தேறும். அந்த மரம் எத்தனையோ மாரியையும் கோடையையும் கண்டு தன் அசைவை எல்லாம் முடித்துக்கொண்ட மரம். எட்டு மாதத்தில் ஒரு கீறலும் விழவில்லை.

ஆனால் பழைய மரத்துக்குள் இரும்பு இருக்கும். எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் வயதான ஆசாரியார், துண்டுகளைக் கண்ணால் பார்த்ததுமே, "தம்பி, மெசினைப் போட முதல் இரும்பு கிடக்கோ எண்டு பாரும். பழைய மரத்துக்கை ஆணி இல்லாமல் இராது" என்றார். பழுதான ஒலிபெருக்கி ஒன்றின் காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் மேலே ஒரு விரற்கடை உயரத்தில் மெதுவாக ஓடவிடச் சொன்னார். பிணைச்சல் இருந்த பக்கத்தில் காந்தம் இரண்டு இடங்களில் தலையசைத்தது. ஓரிடத்தில் தலை முறிந்த திருகாணி. மற்றதில் மேலே மரம் மூடி வெளியே தடயமே இல்லாத ஒரு சதுர ஆணி. நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓடும் வெட்டுமுனை அந்த ஆணியைச் சந்தித்திருந்தால் காபைட் எனும் கடினப் பொருளாலான அலகு சிதறி முகத்துக்கு வந்திருக்கும். இந்த இயந்திரத்தோடு வரும் கைநூலில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழைய மரத்தில் வேலை செய்யும் நாட்டில் விற்கும் பொருளில் அது இருந்திருக்கவேண்டும்.

பனைமரத்தில் செய்ய முடியாதா என்று பலர் கேட்டார்கள். அந்த ஆசை எனக்கும் இருந்தது. எஞ்சிய கைமரத் துண்டு ஒன்றில் இதே றவுட்டரை ஓட்டிப் பார்த்தேன். பனையின் புறப்பகுதியில் கறுப்பு நார்கள் இரும்புபோல் நிற்கின்றன, அவற்றுக்கிடையே இருப்பதோ மென்மையான சோறு. வெட்டுமுனை நார்களை வெட்டுவதற்குப் பதிலாகப் பிடுங்கி எறிந்தது. குழியின் சுவர் தும்புத்தடிபோல் ஆகிவிட்டது. மேற்பரப்பில் ஒட்டும் மெல்லிய அலங்காரத் தகடாக மட்டுமே பனையைக் கொள்ளலாம் என்பது என் முடிவு.

ஒட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓரங்களைச் சீவுளியால் நேராக்கி, இரண்டு துண்டுகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒளிக்கீற்றுத் தெரியாதவரை சீவி, வெள்ளை மரப்பசை பூசி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டேன். 44.5 மில்லிமீற்றருக்குத் தடிப்பைக் குறைப்பதைத் தளபாடப் பட்டறை ஒன்றின் சீவும் இயந்திரத்தில் கொடுத்துச் செய்வித்தேன். அதைக் கையால் செய்ய முயல்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். இதைக் கொண்டு கிற்றார் உடல் செய்கிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று, வெட்டுமுனைக்கும் மாதிரிப்பலகைக்கும் உள்ள கணக்கு. இதில் நான் ஒரு மாதிரிப்பலகையை இழந்தேன். பயன்படுத்தும் வெட்டுமுனையின் காம்போடு ஒட்டி மேலே ஒரு சிறு பெயாரிங் இருக்கும். அது மாதிரிப்பலகையின் விளிம்பில் உருண்டு செல்ல, கீழே உள்ள அலகு மரத்தை அதே வடிவத்தில் வெட்டும். கடையில் எனக்குக் கிடைத்த வெட்டுமுனையின் அலகு 25 மில்லிமீற்றர் நீளமானது. நான் செய்துவைத்த மாதிரிப்பலகை 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. பெயாரிங் அந்த ஆறு மில்லிமீற்றரில் முட்டி நிற்க வேண்டுமானால் அலகு முழுவதும் மரத்துக்குள் இறங்கியே ஆகவேண்டும். ஒரே தடவையில் 25 மில்லிமீற்றர் ஆழம் வெட்டுவது இந்த இயந்திரத்தால் ஆகாத காரியம். பயந்து ஆழத்தைக் குறைத்தேன். குறைத்ததும் பெயாரிங் மாதிரிப்பலகைக்கு மேலே ஏறி ஆகாயத்தில் சுற்ற, அலகு மாதிரிப்பலகையையே தின்றது. இடுப்பு வளைவில் ஒரு பெருவிரல் அகலத்துக்குப் பள்ளம். மரம் தப்பியது, பலகை போயிற்று.

தீர்வு இரண்டு. மாதிரிப்பலகையை மரநாரை அழுத்திச் செய்த 12 மில்லிமீற்றர் எம்.டி.எவ். பலகையில் இரண்டு அடுக்காகச் செய்து, முதற் தடவைகளை இரண்டடுக்கோடும், ஆழம் கூடியபின் மேலடுக்கைக் கழற்றிவிட்டும் வெட்டலாம். அல்லது அலகு 10 முதல் 12 மில்லிமீற்றர் மட்டுமே உள்ள குட்டையான வெட்டுமுனையை வாங்கலாம். ஒருமுறை சுவர் உருவாகிவிட்டால் பெயாரிங் அந்தச் சுவரிலேயே உருண்டு செல்லும். மாதிரிப்பலகை அதன்பின் தேவையில்லை. குட்டை வெட்டுமுனை யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்தேன். அது வந்த பின்பே இந்த இயந்திரத்தின் உண்மையான திறமையைக் கண்டேன். ஒரு தடவைக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று மில்லிமீற்றர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் பலாவில் இது முனகாமல் ஓடுகிறது. மோட்டரின் ஒலி இறங்குவதில்லை, வெட்டிய முகம் அரத்தாள் போட்டதுபோல் வழுவழுப்பாக இருக்கிறது. ஐந்து மில்லிமீற்றர் இறக்கினால் ஒலி மாறும், கரிந்த வாசம் எழும், மரத்தில் கபில நிறக் கோடு விழும். அந்த வாசம் வந்தால் உடனே நிறுத்தவேண்டும். வெட்டுமுனை சூடேறி மழுங்குவதன் அடையாளம் அது.

உடலின் வெளிவிளிம்பை வெட்டுவது அடுத்த வேலை. முதலில் ஜிக்சோ என்ற மின்வாளால் கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றர் விட்டு அறுத்துக்கொள்ள வேண்டும். றவுட்டருக்கு விடுவது அந்த இரண்டு மில்லிமீற்றர் மட்டுமே. தடிப்பு 44.5 மில்லிமீற்றர், அலகு 25 மில்லிமீற்றர் என்பதால் ஒரு பக்கத்திலிருந்து முழுவதையும் எட்ட முடியாது. முன்பக்கத்தில் மாதிரிப்பலகை வைத்து மேற்பெயாரிங் வெட்டுமுனையால் பாதித் தடிப்பை வெட்டி, பின்னர் உடலைத் திருப்பிப் போட்டு, நுனியில் பெயாரிங் உள்ள வேறொரு வெட்டுமுனையால் மிச்சத்தை வெட்டினேன். நுனிப் பெயாரிங் ஏற்கெனவே வெட்டிய சுவரில் உருண்டு வருவதால் இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. கையால் தடவிப் பார்த்தால் பொருத்து எங்கே என்று ஓரிடத்தில் மட்டும், மயிரிழை அளவுக்குத் தட்டுப்பட்டது. அரத்தாளில் அதுவும் போயிற்று.

திசை மிக முக்கியம். வெளிவிளிம்பில் இயந்திரத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், உள்ளே குழி வெட்டும்போது கடிகார முள் ஓடும் திசையிலும் நகர்த்த வேண்டும். மாறிச் சென்றால் வெட்டுமுனை மரத்தைக் கடித்துக்கொண்டு தானே ஓடத் தொடங்கும். இந்த இயந்திரம் எடை குறைந்தது என்பதால் அந்த இழுப்பைக் கை தாங்குவது கடினம். பெரிய றவுட்டரின் பாரமே அங்கே ஒரு பாதுகாப்பு. கழுத்தின் கீழ்ப்பக்கத்தில் நீளும் கொம்பின் நுனியிலும் இடுப்பின் வளைவிலும் மர இழையின் குறுக்குவெட்டு முகம் வருகிறது. அவ்விடங்களில் சரியான திசையில் சென்றாலும் சிராய் பெயரக்கூடும். நான் அங்கே ஜிக்சோ விட்ட மிச்சத்தையும் அரத்தால் அராவி அரை மில்லிமீற்றராக்கிவிட்டே றவுட்டரைக் கொண்டுபோனேன். கொம்பு முழுதாக இருப்பது அதனால்தான்.

குழிகளைப் பொறுத்தவரை, மரத்தின் பெரும்பகுதியைத் துளைத்து எடுத்துவிட்டுச் சுவர்களை மட்டும் இதனால் சீராக்குவதே முறை. அலுமாரிக் கதவுகளின் பிணைச்சல் பதிக்கப் பயன்படும் 35 மில்லிமீற்றர் துளைமுனை எல்லா இரும்புக்கடைகளிலும் இருக்கிறது. உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கத்துப் பிக்கப் குழிக்கு அது சரியாக உதவியது. ஒலியளவுத் திருகுகளும் ஆளியும் அமரும் கட்டுப்பாட்டுக் குழிக்கு அது பொருந்தாது, ஏனெனில் அக்குழியை மூடும் தகட்டின் அகலமே 32 மில்லிமீற்றர் அளவுதான். அங்கே 25 மில்லிமீற்றர் துளைமுனை வேண்டும். நடுவில் நீண்ட ஊசிமுனை உள்ள தட்டைத் துளைமுனையை அங்கே ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. அக்குழியின் ஆழம் 38 மில்லிமீற்றர். எஞ்சும் மரம் ஆறு மில்லிமீற்றர் அளவே. குழி முடியும் முன் ஊசிமுனை உடலின் முதுகைத் துளைத்துவிடும்.

இந்த இயந்திரத்தின் எல்லை தெரிவதும் அந்த 38 மில்லிமீற்றரில்தான். குட்டை வெட்டுமுனையோடு இதன் அடித்தட்டை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் கொலட்டின் தலைக்கொட்டை குழியின் விளிம்பில் முட்டும் ஓர் ஆழம் வருகிறது. எனக்கு அது 28 மில்லிமீற்றர் அளவில் வந்தது. மிகுதிப் பத்து மில்லிமீற்றரை உளியால் எடுத்தேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பகுதி என்பதால் அழகுக் குறைவில்லை, ஆனால் ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவாயிற்று. அரை அங்குலக் காம்பு ஏற்கும் பெரிய றவுட்டர் உள்ளவர் அதைக் கால் மணிநேரத்தில் முடித்திருப்பார்.

கழுத்துக்குழியே முழு வேலையின் உயிர். கழுத்தை நான் ஆயத்தமாக வாங்கியிருந்தேன். அதன் அடிப்பகுதி 56 மில்லிமீற்றர் அகலம். குழி 76 மில்லிமீற்றர் நீளமும் 16 மில்லிமீற்றர் ஆழமும் இருக்கவேண்டும். திருகாணி போடாமலே கழுத்தைக் குழிக்குள் அழுத்தி, உடலைக் கீழே தொங்கவிட்டுத் தூக்கினால் கழன்று விழக்கூடாது. அந்த அளவுக்கு இறுக்கம் வேண்டும். மாதிரிப்பலகையை அச்சிட்ட படத்தை நம்பிச் செய்யாமல், வாங்கிய கழுத்தையே பலகையில் வைத்து, இரு பக்கமும் நேரான சட்டங்களை அணைத்து ஒட்டி உருவாக்கினேன். நடுக்கோட்டிலிருந்து எல்லா அளவையும் எடுத்தேன். கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாம் பிறெற்றுக்கு, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த பன்னிரண்டாம் உலோகக் கம்பிக்கு, 324 மில்லிமீற்றர், அங்கிருந்து பிரிட்ஜில் தந்தி அமரும் சேணத்துக்கு மீண்டும் 324. இரண்டும் சேர்ந்து 648. கழுத்துக்குழி ஒரு மில்லிமீற்றர் தள்ளினால் இந்தக் கணக்கு முழுவதும் தள்ளும்.

சுவர்கள் துல்லியமாக வந்தன. ஆழம்தான் பிசகியது. 16 மில்லிமீற்றரில் நிறுத்திய குழி, அளந்து பார்த்தபோது ஒரு மூலையில் 16 ஆகவும் எதிர் மூலையில் 17.5 ஆகவும் இருந்தது. காரணத்தைத் தேடி, அடித்தட்டின் பிடியில் வெள்ளைக் கோடு ஒன்று கீறி, மீண்டும் வீண்மரம் ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிட ஓட்டத்தில் கோடு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விலகிவிட்டது. மோட்டரை அடித்தட்டோடு இறுக்கிப் பிடிக்கும் நெம்புகோல், அதிர்வில் தானாகத் தளர்கிறது. இதுவே இந்த இயந்திரத்தின் மிகப்பெரிய குறை. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது வேறொன்றைத் திறந்து பார்க்கவிட்டார். அதிலும் அதே தளர்வு. நெம்புகோலின் எதிர்ப்பக்கத்துச் சுரையை அரைச் சுற்று இறுக்கி, மோட்டரின் உருளை உடலில் மெல்லிய அரத்தாள் துண்டு ஒன்றைச் சுற்றிப் பூட்டிய பின் நகர்வு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவைக்கும் முன் ஆழத்தை அளக்கும் வழக்கத்தை நான் விடவில்லை.

கழுத்துக்குழி 1.5 மில்லிமீற்றர் ஆழமாகிவிட்டால் கழுத்து அவ்வளவுக்குத் தாழ்ந்துவிடும்; தந்தி பிறெற்றுகளுக்கு மேலே எட்ட நிற்கும், பிரிட்ஜில் எவ்வளவு இறக்கினாலும் போதாது. முதலில் முழுக் குழியையும் 17.5 க்குச் சமமாக்கினேன். பின்பு அதே பலாவில் சீவிய ஒன்றரை மில்லிமீற்றர்ப் பலகைத்தகட்டை, குழியின் அடி முழுவதையும் மூடும்படி ஆசாரியார் தன் சீவுளியால் எடுத்துத் தந்தார். அவர் சீவுளியிலிருந்து அந்தத் தகடு சுருளாமல் நேராக வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒட்டிய பின் இழை இழையோடு சேர்ந்து கிடக்கிறது. தெரிந்தவர் சொன்னாலன்றி ஒருவருக்கும் தெரியாது.

பெட்டியோடு வரும் வெட்டுமுனைகளைப் பற்றி ஒரு சொல். மொத்தம் பன்னிரண்டு. அவற்றுள் விளிம்பை உருட்டும் ஒன்று மட்டுமே உதவியது. டெலிகாஸ்டரின் விளிம்புக்குத் தேவையான மூன்று மில்லிமீற்றர் ஆரத்தை அது நன்றாகவே தந்தது. சொல்லப்போனால் இந்தச் சிறிய இயந்திரம் ஒரு கையில் அடங்கி, உடலைச் சுற்றித் தடையின்றி ஓடிய அந்த அரை மணிநேரம்தான் முழு வேலையிலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. மற்றப் பதினொன்றும் மெல்லிய காபைட் ஒட்டியவை. இரண்டாம் தடவைக்கே மழுங்கின. ஒன்றின் பெயாரிங் கையிலேயே கழன்று வந்தது. அவற்றைக் கிற்றார் வேலைக்குக் கிட்டவே எடுக்கவேண்டாம். நல்ல மேற்பெயாரிங் வெட்டுமுனை ஒன்று, நுனிப்பெயாரிங் வெட்டுமுனை ஒன்று, குட்டையானது ஒன்று ஆகிய மூன்றையும் தனியே வாங்கவேண்டும்; அவற்றின் விலை இயந்திர விலையின் பாதியை நெருங்கும் என்று வைத்துக்கொண்டே வரவுசெலவைப் போடவும். வெட்டுமுனையைப் பூட்டும்போது காம்பை அடிவரை தள்ளி, பின் இரண்டு மில்லிமீற்றர் வெளியே இழுத்து இறுக்குவது நல்லது. அடியில் முட்டிய நிலையில் இறுக்கினால் கொலட் சரியாகக் கவ்வாது.

தூசி, சத்தம் இரண்டும் கடுமையானவை. பலாவின் வைரம் மஞ்சள் நிறம். பிக்குகளின் காவி உடைக்குச் சாயம் எடுத்த மரம் அல்லவா. முதல் நாள் வேலை முடிந்தபோது விறாந்தைச் சீமெந்தும் துளசி மாடமும் கொடியில் காய்ந்த வேட்டியும் மஞ்சள் பூசிக் கிடந்தன. தூசி உறிஞ்சும் குழாய் பூட்ட இந்த இயந்திரத்தில் இடமே இல்லை. வாயையும் மூக்கையும் மூடும் தூசிமுகமூடி, கண்ணாடி, காதடைப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் ஆளியைப் போடக்கூடாது. அயலில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒருவர் இருந்ததால் நான் பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் மட்டுமே ஓட்டினேன். அதனால் வேலை நாலு கிழமை நீண்டது, உறவு கெடவில்லை.

முடிந்த உடலின் எடை கிட்டத்தட்ட 2.9 கிலோ. ஆல்டரில் செய்ததைவிட முக்கால் கிலோ அதிகம்; அகலமான தோள்வார் போட்டால் சுமை தெரியவில்லை. சீலர் பூசி அரத்தாள் போட்டு, மேலே நிறம் சேர்க்காத லக்கர் மட்டும் அடித்தேன். மஞ்சளாக இருந்த பலா இந்த எட்டு மாதத்தில் தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. காலம் போகக் கபிலமாகும்.

வாங்கலாமா என்று கேட்பவருக்கு என் பதில் இது. ஓர் உடல் மட்டும் போதும், செய்யும் இன்பம் தேவையில்லை என்பவர், கதவுகளுக்குப் பூவேலை வெட்டும் கணினி இயந்திரம் உள்ள பட்டறை ஒன்றில் படத்தைக் கொடுத்து வெட்டுவிப்பது நல்லது. தொடர்ந்து செய்ய எண்ணுகிறவர் சற்றுப் பொறுத்துப் பணம் சேர்த்து, ஆழத்தைத் திருகிப் பூட்டும் வசதியுள்ள பெரிய றவுட்டரை எடுக்கவேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டவர், அதாவது கையால் செய்து பார்க்கவேண்டும் என்ற விருப்பமும் மட்டான பணமும் உள்ளவர், இந்தச் சிறிய இயந்திரத்தைத் துணிந்து வாங்கலாம். வாங்கும்போது கடையிலேயே நெம்புகோலை இறுக்கிவிட்டு, அடித்தட்டை ஒரு கையாலும் மோட்டரை மறு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்க்கவும். அசைந்தால் வேறொன்றைக் கேட்கவும். மோட்டருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் காபன் பிரஷ் மேலதிகமாக ஒரு சோடி பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கவும். என்னுடையது ஏழாம் மாதத்தில் தீப்பொறி பறக்கத் தொடங்கியது. பிரஷைப் பத்து நிமிடத்தில் நானே மாற்றினேன், அதன்பின் பழையபடி ஓடுகிறது. கதவுநிலையின் மற்றக் கால் இன்னும் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அடுத்த உடலின் கட்டுப்பாட்டுக் குழியை முதுகுப் பக்கத்திலிருந்து திறந்து, பின்தகடு போட்டு மூடும் விதத்தில் வெட்ட எண்ணியிருக்கிறேன். அப்படிச் செய்தால் வாயை அகலமாக வைத்துக்கொள்ளலாம், கொலட்டின் தலைக்கொட்டையும் விளிம்பில் முட்டாமல் உள்ளே இறங்கும்.